ஸ்டென்ட் வைத்தாயிற்று, இனி எந்த ரத்தத்தைப் பார்ப்பது?

அண்ணனுக்கு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட், அதாவது அடைத்த குழாயை விரித்துப் பிடிக்கும் சின்னக் கம்பி வலை, வைத்து ஏழாவது மாதம். நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில், ஸ்டென்ட் மறுபடி அடைக்குமா என்பதை உங்கள் மரபணுவே சொல்லிவிடும் என்று போட்டிருந்தது. உள்ளே பதினெட்டு மரபணுக்களின் பட்டியல். "நீதான் லேப்ல இருக்கியே, இதை எடுத்துடலாமா சொல்லு" என்றார்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறவள். ஊசி போடுவது, குழாயில் பிடிப்பது, மெஷினில் ஏற்றுவது, ரிப்போர்ட் வெளியே போகும் முன் எண்களைச் சரிபார்ப்பது, இதுதான் என் பிழைப்பு. நான் டாக்டர் இல்லை. ஆனால் ஆஞ்சியோபிளாஸ்டி (குழாயைப் பலூனால் விரிக்கும் சிகிச்சை) முடிந்து வருகிறவர்கள் எந்த டெஸ்ட்டைத் தப்பான நாளில் எடுத்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள், எதை ஒரு தடவைகூட எடுக்காமலே காலத்தை ஓட்டுகிறார்கள் என்பதைத் தினமும் பார்க்கிறேன். அண்ணனுக்காக நான் வைத்துக்கொண்ட வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். வீட்டில் யாருக்காவது ஸ்டென்ட் இருந்தால் இதே வரிசையில் போகலாம். மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது மட்டும் உங்கள் இதய மருத்துவரின் கையில்.

ஊசிக்கு முன்னால் இரண்டு கேள்விகள்

"ஸ்டென்ட் கார்டு எங்கே?" என்றுதான் அண்ணனிடம் முதலில் கேட்டேன். பர்ஸில் பழைய ரசீதுகளுக்கு நடுவே மடங்கிக் கிடந்தது. அதில் 2.5 × 33 என்று இருந்தது. ஸ்டென்ட்டின் விட்டம் 2.5 மில்லிமீட்டர், நீளம் 33 மில்லிமீட்டர் என்று அர்த்தம். எந்த மருந்து பூசிய ஸ்டென்ட், எந்தக் குழாயில், எந்தத் தேதியில் என்பதும் அதிலேயே இருக்கும். கார்டைத் தொலைத்துவிட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

ரத்தத்தைப் பற்றிப் பேச வந்தவள் மில்லிமீட்டரில் ஏன் நிற்கிறேன் என்றால், மறுஅடைப்பைத் தீர்மானிப்பதில் குழாயின் அளவுக்குப் பெரிய பங்கு உண்டு. உள்ளே சுற்றிலும் அரை மில்லிமீட்டர் திசு வளர்கிறது என்று வையுங்கள். 3.5 மில்லிமீட்டர் குழாயில் ரத்தம் போக 2.5 மிச்சமிருக்கும். அண்ணனின் குழாயில் மிச்சம் வெறும் 1.5. அவருக்கும் அடுத்த படுக்கைக்காரருக்கும் ஒரே சர்க்கரை, ஒரே கொழுப்பு, ஒரே மரபணு இருந்தாலும் கதை வேறாகத்தான் முடியும். சிறிய குழாய், நீளமான ஸ்டென்ட், கிளை பிரியும் இடத்தில் வைத்தது, முன்பே ஒருமுறை அடைத்தது, சரியாக விரியாதது, இவையெல்லாம் லேபில் ரத்தம் பிடிக்கும் எந்தச் சோதனைக் குழாயிலும் நான் பிடித்துக் கொடுக்க முடியாத தகவல்கள்.

அடுத்த கேள்வி: "படி ஏறினால் எப்படி இருக்கு?"

கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. அப்புறம் சொன்னார், மூன்று வாரமாக இரண்டாவது மாடித் திருப்பத்தில் நெஞ்சில் ஒரு பாரம், நின்றால் சரியாகிவிடுகிறது என்று. துண்டறிக்கையை மேஜையில் வைத்துவிட்டு மருத்துவருக்குப் போன் போட்டேன். உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதில் வந்தால், டெஸ்ட் பட்டியல் போட உட்காராதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி, வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ ஏறும் வலி என்றால் போன்கூட வேண்டாம், நேராக அவசர சிகிச்சைதான்.

அடைப்பு என்று சொல்வது இரண்டு வேறு விஷயங்களை

ஒன்று, ஸ்டென்ட்டுக்குள் திடீரென்று ரத்தம் கட்டிக்கொள்வது. நிமிடங்களில் நடக்கும், மாரடைப்பாக வரும். முதல் சில வாரங்களில், அதுவும் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த இரண்டு மாத்திரைகளில் ஒன்றைத் தானாக நிறுத்தியவர்களுக்கு, இந்த ஆபத்து அதிகம்.

இன்னொன்றுதான் மறுஅடைப்பு, மருத்துவர்கள் வாயில் ரீஸ்டெனோசிஸ். இது மெதுவாக வருகிற விஷயம். பலூனும் கம்பி வலையும் குழாயின் உள்சுவரை நசுக்கிக் காயப்படுத்துகின்றன. காயம் ஆற வேண்டும் அல்லவா? சுவரில் இருக்கும் தசைச் செல்கள் பெருகி உள்பக்கம் நகர்ந்து ஒரு தழும்புபோலப் படிகின்றன. அளவாகப் படிந்தால் நல்லது, கம்பியை மூடிவிடும். அளவு மீறி, குழாயின் விட்டத்தில் பாதியோ அதற்கு மேலோ போய்விட்டால் அதை மறுஅடைப்பு என்கிறார்கள். வருடங்கள் கழித்து அந்தப் புதுத் தோலிலேயே கொழுப்பு படிந்து அடைப்பதும் உண்டு.

1977 செப்டம்பரில் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதல் முறையாக மனித இதயக் குழாயைப் பலூன் கொண்டு விரித்தார். பலூன் மட்டும் இருந்த அந்தக் காலத்தில் 30 முதல் 50 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் குழாய் மறுபடி குறுகியது. 1986-இல் ஸ்டென்ட் வந்தது. வெறும் உலோக ஸ்டென்ட்டில் அது 20, 30 சதவீதம் என்று இறங்கியது. 2002, 2003 வாக்கில் செல் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட்டுகள் புழக்கத்துக்கு வந்த பிறகு, பெரும்பாலும் 10 சதவீதத்துக்குக் கீழே. இந்த வரலாற்றை நான் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ரத்தக் காரணிகள், மரபணுக்கள் பற்றிய பழைய ஆய்வுகளில் பல பலூன் காலத்திலோ வெறும் உலோகக் காலத்திலோ செய்தவை. துண்டறிக்கையில் ஒரு சதவீதத்தைப் பார்த்தால், அது எந்தக் காலத்து ஸ்டென்ட் என்று கேளுங்கள்.

சர்க்கரை

ரத்தத்தில் பார்க்கக் கூடியவற்றில் எதற்கு முதலிடம் என்று கேட்டால் யோசிக்காமல் சர்க்கரை என்பேன். நீரிழிவு உள்ளவர்களுக்கு மறுஅடைப்பு அதிகம், இன்சுலின் போடும் நிலைக்கு வந்தவர்களுக்கு இன்னும் அதிகம். உயர்ந்த சர்க்கரையும் இன்சுலின் எதிர்ப்பும் தசைச் செல்களைப் பெருகச் சொல்லித் தூண்டுகின்றன, உள்சுவரின் மெல்லிய படலம் ஆறுவதைத் தாமதப்படுத்துகின்றன. போதாததற்கு நீரிழிவுக்காரர்களின் இதயக் குழாய்கள் பெரும்பாலும் சிறுத்திருக்கும். மேலே சொன்ன மில்லிமீட்டர் கணக்கு இங்கேயும் சேர்ந்துகொள்கிறது.

எடுக்க வேண்டியது ஹெச்பிஏ1சி, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் டெஸ்ட், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் இந்த எண்ணைத் தனியாகப் படிக்காதீர்கள், பக்கத்தில் ஹீமோகுளோபினையும் வைத்துப் படியுங்கள். அண்ணனுக்கு 8.6 என்று வந்தது. அவர் முகம் விழுந்துவிட்டது. நான் அதே நாள் முழு ரத்த எண்ணிக்கையைப் பார்த்தேன்: ஹீமோகுளோபின் 10.4, சிவப்பணுக்கள் சிறுத்திருந்தன, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் குறைவு. இரும்புச் சத்துக் குறைவில் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட நாள் கடந்து சுற்றும், அதனால் ஹெச்பிஏ1சி கொஞ்சம் கூடிக் காட்டலாம். இதற்கு நேர்மாறாக, சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ ரத்தக் கசிவு இருந்தாலோ குறைத்துக் காட்டும். அது இன்னும் ஆபத்தான பொய், ஏனென்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்து மருத்துவரிடம் காட்டியதில் இரும்பும் கொடுத்தார், சர்க்கரை மருந்தையும் மாற்றினார், ரத்தம் ஏன் குறைந்தது என்று வயிற்றையும் பார்க்கச் சொன்னார். மூன்று மாதம் கழித்து 7.4. இறங்கியதில் எவ்வளவு மருந்தால், எவ்வளவு இரும்பால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. வீட்டில் விரலில் குத்தி எழுதி வைத்த நோட்டும் இறங்கியிருந்ததால் நம்பினேன்.

கூடவே சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் மறுஅடைப்பு கூடுதல். ரிப்போர்ட்டில் ஈஜிஎஃப்ஆர் என்று ஒரு வரி இருக்கும், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு. அது மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே நின்றால் மருத்துவரிடம் கேளுங்கள். ஆஞ்சியோகிராமுக்கு (இதயக் குழாய்களை எக்ஸ்ரே படம் எடுப்பதற்கு) செலுத்தும் சாயமே சிறுநீரகத்தைச் சோதிக்கும் என்பதால், மறுபடி ஆஞ்சியோ என்றால் இந்த எண் புதிதாகக் கையில் இருக்க வேண்டும்.

கொழுப்பு: நாள் பார்த்து எடுங்கள்

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்கள் செய்யும் வழக்கமான தப்பு, ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் எடுத்த கொலஸ்ட்ராலை நம்புவது. மாரடைப்பு வந்து ஒரு நாள் கடந்தாலே எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் இயல்பைவிடக் கீழே இறங்கத் தொடங்கும். "எனக்குக் கொலஸ்ட்ரால் இல்லையே, பின்ன எதுக்கு ஸ்டேட்டின்?" என்று கேட்டு அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல்படி, இப்படிப்பட்டவர்களுக்கு எல்டிஎல் டெசிலிட்டருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், தொடங்கிய அளவிலிருந்து பாதியாவது குறைந்திருக்கவும் வேண்டும். ரிப்போர்ட் தாளில் 100 வரை இயல்பு என்று அச்சடித்திருப்பது இதயக் கோளாறே இல்லாதவர்களுக்கு. உங்களுக்கான எண் அதில் இருக்காது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்டிஎல்லைக் குறைத்தால் முதல் ஆறு மாதத் தழும்பு நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். பலூன் காலத்தில் ஸ்டேட்டின் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் மறுஅடைப்பு குறையவில்லை. ஸ்டேட்டின் காப்பாற்றுவது மற்ற குழாய்களை, பின்னாளில் ஸ்டென்ட்டுக்குள் கொழுப்பு படிவதை, மொத்தத்தில் ஆளை.

எல்பி லிட்டில் ஏ: ஆயுளில் ஒருமுறை

துண்டறிக்கையின் பதினெட்டு மரபணுக்களைவிட எனக்கு மதிப்பாகப் படுவது இந்த ஒரு ரத்த டெஸ்ட். லைப்போபுரோட்டீன் ஏ. லேபில் நாங்கள் எல்பி லிட்டில் ஏ என்போம். 1963-இல் நார்வேயின் கோரே பெர்க் கண்டுபிடித்தது. எல்டிஎல் துகளில் இன்னொரு புரதம் வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அளவைப் பெரும்பாலும் முடிவு செய்வது பெற்றோரிடமிருந்து வந்த எல்பிஏ என்ற ஒற்றை மரபணு. சாப்பாட்டை மாற்றினாலும் நடந்தாலும் பெரிதாக அசையாது. அதனால்தான் ஒரு முறை எடுத்தால் போதும். உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது அதிகம்.

டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராம் அல்லது லிட்டருக்கு 125 நானோமோல், இதற்கு மேல் போனால் அதிகம். இரண்டு அலகும் ஒன்றுக்கொன்று நேராக மாறாது, ஆளுக்கு ஆள் அந்தப் புரதத்தின் நீளம் வேறு. ஒன்றால் பெருக்கி இன்னொன்றாக்கும் வேலை வேண்டாம், எந்த அலகு என்று பார்த்து அந்த எல்லையோடு ஒப்பிடுங்கள்.

மறுஅடைப்போடு இதற்கு நேரடி உறவு உண்டா என்பதில் ஆய்வுகள் ஒன்றுபோலப் பேசவில்லை. ஆனால் இதயக் குழாய் நோய்க்கும் மாரடைப்புக்கும் இது ஒரு காரணம் என்பதில் சந்தேகம் இல்லை. அண்ணனுக்கு 148 நானோமோல். எனக்கு எடுத்தேன், 20-ஐத் தாண்டவில்லை. ஒரே தாய் தகப்பன், ஆனால் சீட்டு வேறு வேறு விழுந்திருக்கிறது. அண்ணன் மகளுக்கு 27 வயது. அவளுக்கு 160. அண்ணி அழுதுவிட்டார். நான் சொன்னது இதுதான்: இந்த எண்ணைக் குறைப்பது கடினம்தான், ஆனால் மற்ற எல்லாவற்றையும், எல்டிஎல், பிரஷர், சர்க்கரை, புகை, இருபத்தேழிலிருந்தே பிடித்து வைக்க அவளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அவள் அப்பாவுக்கு ஐம்பத்தெட்டில்தான் கிடைத்தது.

சிஆர்பி

அழற்சியைக் காட்டும் எண். உயர் உணர்திறன் சிஆர்பி என்று கேட்டு எடுக்க வேண்டும், சாதாரண சிஆர்பி இந்த வேலைக்கு உதவாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே குறைவு, 3-க்கு மேல் அதிகம். ஸ்டென்ட் வைக்கும் முன்பே இது உயர்ந்திருந்தவர்களுக்கு மறுஅடைப்பு கூடுதல் என்று வெறும் உலோக ஸ்டென்ட் காலத்து ஆய்வுகள் பல சொல்கின்றன. மருந்து பூசிய ஸ்டென்ட்டில் அந்த உறவு அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை.

ஸ்டென்ட் வைத்த அடுத்த இரண்டு நாளில் எடுத்தால் கண்டிப்பாக ஏறியிருக்கும், காயத்தின் கணக்கு அது. சளி, காய்ச்சல், பல்வலி இருந்தாலும் அப்படியே. அண்ணனுக்கு 14 வந்தது. நான் வாயைத் திறக்கச் சொன்னேன். கீழ்க் கடைவாய்ப் பல்லின் ஈறு வீங்கிச் சீழ் கோத்திருந்தது, "அது ரொம்ப நாளா இருக்கு" என்றார் சாதாரணமாக. பல்லைக் கவனித்து மூன்று வாரம் கழித்து எடுத்தபோது 1.8. பத்துக்கு மேல் வந்தால் அந்த எண்ணை இதயக் கணக்கில் எழுதாதீர்கள், எங்கே தொற்று என்று தேடுங்கள். நல்ல உடம்போடு இருக்கும்போது இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி பார்ப்பதுதான் முறை.

சிலர் முழு ரத்த எண்ணிக்கையில் நியூட்ரோஃபிலை லிம்போசைட்டால் (இரண்டும் வெள்ளையணு வகைகள்) வகுத்து ஒரு விகிதம் போடுகிறார்கள். அது கூடினால் மறுஅடைப்பும் கூடுதல் என்று ஆய்வுகள் உண்டு. ஒரு ராத்திரி தூக்கம் கெட்டாலும் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை போட்டாலும் மாறிவிடுகிற விகிதம் அது. நான் பார்ப்பதில்லை.

ஹோமோசிஸ்டீனும் வைட்டமின் கதையும்

ஹோமோசிஸ்டீன் ரத்தத்தில் இருக்கும் ஒரு அமினோ அமிலம். இதை எடுக்கச் சொன்னால் லேபில் ஒன்றைக் கவனியுங்கள். ரத்தம் எடுத்த குழாயை உடனே ஐஸில் வைக்கிறார்களா? சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயும் ஹோமோசிஸ்டீனை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம் ஸ்டாண்டில் நின்ற குழாயில் 11 இருக்க வேண்டியது 14 என்று வரலாம். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இப்படி விட்டுவிடுவார்கள். நானும் முதல் வருடத்தில் விட்டிருக்கிறேன், மேலதிகாரி அந்தக் குழாயை என் கண்ணெதிரே குப்பையில் போட்டு, நோயாளிக்கு நானே போன் செய்து மறுபடி வரச் சொல்லும்படி வைத்தார். வெறும் வயிற்றில் காலையில் கொடுத்து, ஐஸில் வைத்து, சீக்கிரம் சுழற்றிப் பிரித்தால்தான் அந்த எண் எண்.

சரி, கூடியிருந்தால் ஃபோலிக் ஆசிட் போட்டுவிடலாமா? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. 2001-இல் சுவிட்சர்லாந்தில் 205 பேரிடம் நடந்த சோதனையில் ஃபோலிக் ஆசிட், பி12, பி6 மூன்றையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். மறுஅடைப்பு 37.6 சதவீதத்திலிருந்து 19.6 ஆகப் பாதியாகக் குறைந்தது. எல்லோருக்கும் கொண்டாட்டம், மலிவான வைட்டமின் ஆயிற்றே. 2004-இல் ஸ்டென்ட் வைத்த 636 பேரிடம் இன்னொரு சோதனை. அங்கே வைட்டமின் வாங்கியவர்களுக்கு 34.5 சதவீதம், வாங்காதவர்களுக்கு 26.5. தலைகீழ்! பெண்கள், நீரிழிவு உள்ளவர்கள், ஹோமோசிஸ்டீன் 15-க்கு மேல் இருந்தவர்கள் ஆகியோரிடம் மட்டும் அந்தப் பாதகம் தெரியவில்லை. ஃபோலேட், அதாவது அந்த ஃபோலிக் ஆசிட் வகை வைட்டமின், செல் பெருகத் தேவையான சரக்கு என்பதை நினைத்துப் பாருங்கள், ஸ்டென்ட்டுக்குள் நமக்கு வேண்டாதது அந்தப் பெருக்கம்தானே.

ஆகவே என் வழி இது. ஹோமோசிஸ்டீனைத் துரத்துவதற்குப் பதிலாக பி12 பார்க்கிறேன். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 இறங்குவது சகஜம். குறைவு என்று நிரூபணமானால் மருத்துவர் சொல்லி நிரப்புவது ஒன்று, ஸ்டென்ட்டுக்கு நல்லது என்று கேள்விப்பட்டுத் தானாக வைட்டமின் டப்பா வாங்குவது வேறொன்று. இன்னொன்று, முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் வைட்டமின் சாப்பிட்டால் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். அதிக அளவில் சாப்பிட்டால் சில மெஷின்களில் தைராய்டு, ட்ரோபோனின் எண்களைத் திரித்துவிடும். நெஞ்சுவலிக்கு, மாரடைப்பா என்று பார்க்க ட்ரோபோனின் எடுக்கும் நேரத்தில் பொய்யான குறைந்த எண் வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி அந்தத் துண்டறிக்கை

அண்ணனும் நானும் உட்கார்ந்து பேனாவோடு வாசித்தோம்.

முதல் வரியில் ஏசிஇ, ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஒரு நொதிக்கான மரபணு. இந்த மரபணுவில் ஒரு துண்டு சேர்ந்தும் இருக்கலாம், விட்டும் போயிருக்கலாம். இரு பக்கமும் விடுபட்டவர்களை டிடி வகை என்பார்கள். 1990-களில் வந்த சிறிய ஆய்வுகள் டிடி வகைக்கு ஸ்டென்ட் அதிகம் அடைக்கிறது என்றன. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்த பெரிய ஆய்வில் அந்த உறவு காணாமல் போனது. 2001-இல் வெளியான ஒரு சோதனையில் டிடி வகைக்காரர்களையே தேடிப் பிடித்து, அந்த நொதியைத் தடுக்கும் குவினாப்ரில் என்ற மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத்தான் குழாய் அதிகம் குறுகியது. இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் பிரஷர் மாத்திரையை நிறுத்த வேண்டாம், அது இதயத்துக்கு வேறு காரணங்களுக்காகக் கொடுப்பது. நான் சொல்ல வருவது, மரபணு தெரிந்தும் செய்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை. அடித்தோம்.

பி27 என்ற வரி எனக்குப் பிடித்தது. செல் பிரிவதற்குப் பிரேக் போடும் புரதம் அது, ஸ்டென்ட்டில் பூசும் சிரோலிமஸ் வகை மருந்துகளும் ஏறக்குறைய அதே பிரேக்கைத்தான் மிதிக்கின்றன. நெதர்லாந்தில் 3,104 பேரை வைத்து நடந்த ஜென்டர் என்ற ஆய்வில், இந்த மரபணுவின் ஒரு வகை உள்ளவர்களுக்கு மறுஅடைப்பு குறைவு என்று தெரிந்தது. அழகான அறிவியல். ஆனால் அண்ணனுக்கு ஏற்கெனவே மருந்து பூசிய ஸ்டென்ட் உள்ளே இருக்கிறது. இந்த முடிவு கையில் வந்தால் எந்த மாத்திரை மாறும்? எதுவும் இல்லை. அதையும் அடித்தோம். எம்டிஹெச்எஃப்ஆர், ஹோமோசிஸ்டீனோடு சம்பந்தப்பட்டது, மேலே சொன்ன வைட்டமின் கதைக்கே திரும்பிக் கொண்டுபோய் விடும். அடித்தோம். அப்படியே கீழே கீழே.

கோடு விழாமல் நின்றது ஒன்றே ஒன்று, சிஒய்பி2சி19. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் கிளோபிடோக்ரெல் மாத்திரை விழுங்கியதும் வேலை செய்யாது, கல்லீரலில் இந்த நொதி அதை மாற்றிக் கொடுக்க வேண்டும். நொதி பலவீனமான வகையை இரு பெற்றோரிடமும் வாங்கியவர்களுக்கு மாத்திரை சரியாக வேலை செய்யாது. 2010-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காக அந்த மருந்தின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட வைத்தது. ஆசிய மக்களிடம் இந்த வகை ஐரோப்பியர்களைவிட அதிகம். ஆனால் கவனியுங்கள், இது காட்டுவது ரத்தக்கட்டு ஆபத்தை, தழும்பு வளர்வதை அல்ல. துண்டறிக்கை இரண்டையும் ஒரே தலைப்பில் கலந்து வைத்திருந்தது. மாத்திரையை மாற்றுவதற்கு வழி இருக்கிறது என்பதால் இதை மட்டும் மருத்துவரிடம் கேட்கலாம் என்று முடிவு செய்தோம். கேட்டோம். அண்ணன் ஆரம்பத்திலிருந்தே டிக்காக்ரெலோர் என்ற வேறொரு உறைவுத் தடுப்பு மாத்திரையில் இருக்கிறார், அதற்கு இந்த நொதியின் தயவு வேண்டாம் என்றார் மருத்துவர். பதினெட்டும் காலி.

எந்த மரபணு டெஸ்ட்டானாலும் காசு கட்டும் முன் இதையே கேளுங்கள்: முடிவு எப்படி வந்தால் என்ன மாறும்?

பிறகு நடந்தது

அறிகுறி இருந்ததால் மறுபடி ஆஞ்சியோகிராம் செய்தார்கள். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு வருடாவருடம் சும்மா ஆஞ்சியோவோ டிரெட்மில்லோ செய்வதில் லாபம் தெரியவில்லை. 2022-இல் வெளியான 1,706 பேர் பங்கேற்ற ஒரு கொரியச் சோதனையில், ஒரு வருடம் கழித்து எல்லோருக்கும் வழக்கமாகச் சோதனை செய்தும் மாரடைப்போ மரணமோ குறையவில்லை. அண்ணனுக்கு ஸ்டென்ட்டின் நடுப்பகுதியில் 70 சதவீதம் குறுகியிருந்தது. குழாய்க்குள் ஒளியை விட்டுப் பார்க்கும் ஓசிடி படத்தில், அந்த இடத்தில் சுண்ணாம்பு கட்டி நின்று ஸ்டென்ட் முழுதாக விரியாமல் இடுப்பு சுருங்கியிருந்தது தெரிந்தது. அதிக அழுத்தத்தில் பலூனை விரித்து, பிறகு மருந்து பூசிய பலூனால் தடவினார்கள். இன்னொரு கம்பி அடுக்கு தேவைப்படவில்லை.

உங்கள் வீட்டில் மறுஅடைப்பு என்று சொன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது: "ஸ்டென்ட் சரியாக விரிந்திருக்கிறதா என்று உள்ளே படம் எடுத்துப் பார்ப்பீர்களா?" ரத்தத்தில் தேடிக்கொண்டிருந்த எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் கூடவே 8.6 சர்க்கரையும் இருந்ததே. எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

இப்போது அந்தத் துண்டறிக்கையின் வெறும் கடைசிப் பக்கத்தில் அண்ணனே கட்டம் போட்டு எழுதுகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சியும் ஹீமோகுளோபினும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்டிஎல்லும் கிரியேட்டினினும், வருடம் ஒருமுறை பி12. எல்பி லிட்டில் ஏ கட்டத்தில் ஒரே எண், சுற்றி ஒரு வட்டம். கடைசியில் மாடிப்படி என்று ஒரு பத்தி அவராகவே சேர்த்தது. எத்தனை மாடி நிற்காமல் ஏறினார் என்று எழுதுவார்.

ரத்தம் எடுக்க என்னிடம்தான் வருவார். இரண்டு உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஊசியை உருவியதும் கையை மடக்கச் சொல்லக் கூடாது, மடக்கினால் உள்ளே கசிந்து நீலம் பாயும். கையை நீட்டி வைத்து, பஞ்சை விரலால் நேராக அழுத்தி, தேய்க்காமல், கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடம்.

"ஆச்சா?"

"மூணுதான் ஆச்சு, அழுத்துண்ணா."